பிணை நின்றவர்

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ரோசம் அதிகம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அது ஒரு பிடி கூடிப்போனதால் இரண்டு வீடுகளில் இருந்தார்கள். அம்மாவும் நானும் சுன்னாகத்தில். கணக்கு டியூசன் மாஸ்டரான அப்பா நல்லூரில், தன் அக்காவான மாமியின் வீட்டில். சில வருடங்களாக இருவரும் நேரே கதைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா என்னைக் கொண்டுபோய் வாசல் படலையடியில் இறக்கிவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

எனக்கு ஒன்பது வயதானபோது அம்மாவுக்குக் கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. என்னையும் கூட்டிக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடுவது என்று முடிவெடுத்தார். அது சண்டைக்காலம். குடாநாட்டை விட்டு வெளியேற, அதை ஆண்டுகொண்டிருந்த இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் எடுக்க ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர்கள் திரும்பி வரும்வரை பிணை நின்றவர் எங்கேயும் அசைய முடியாது. இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்குப் பிணை என்றால் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இரண்டு அண்ணன்மார். பிணை என்ற சொல்லைக் கேட்டதுமே பெரிய மாமாவுக்கு இடுப்பை நிமிர்த்த முடியாத நாரிப்பிடிப்பு வந்துவிட்டது. சின்ன மாமா கொஞ்சம் நேர்மையானவர்.

"தங்கச்சி, நீ திரும்பி வரமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும். நாளைக்கு எனக்கொரு அந்தரம் அவசரம் எண்டால் நானென்ன செய்யிறது?"

அம்மா இரண்டாந்தரம் கேட்கவில்லை. கொடுத்த தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு என்னைச் சைக்கிளில் ஏற்றினார்.

அடுத்த ஞாயிறு அம்மா படலையடியில் சைக்கிளைத் திருப்பவில்லை. முற்றத்துக்கே உருட்டிக்கொண்டு வந்து, ஸ்டாண்டில் விட்டு, அதன் பக்கத்திலேயே நின்றார். கொப்பி திருத்திக்கொண்டிருந்த அப்பா பேனையோடு எழுந்துவிட்டார்.

"ஒரு அலுவல் கேக்க வந்தனான். ஏலாதெண்டால் சொல்லுங்கோ, குறை நினைக்கமாட்டன்."

விசயத்தைச் சொன்னார். கெஞ்சல் இல்லை, கண்ணீர் இல்லை. சந்தையில் வெங்காயம் விலை கேட்கிற மாதிரித்தான் கேட்டார். திரும்பி வரப்போவதில்லை என்பதையும் மறைக்கவில்லை. அம்மா அன்று நின்ற நிலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிரும்.

மாமி குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தார். "தம்பி, அப்ப உன்ரை பயணம் என்னடா?"

மாமி கோயில் கோயிலாகத் திரிகிறவர். சந்நிதிக்குப் போகிற பயணத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். கனடாவிலிருந்த பெரியப்பா அப்பாவைத் தன்னிடம் கூப்பிடுவதற்கு எல்லா ஒழுங்கும் செய்து முடித்திருந்தார் என்பது நான் வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

"என்ரை பிள்ளைக்கு நான் நிக்காமல் வேறை ஆர் நிக்கிறது?" என்று மாமியைப் பார்த்துச் சொன்னார் அப்பா. பிறகு அம்மாவிடம், "நாளைக்குக் காலமை பாஸ் குடுக்கிற கந்தோருக்கு வாரும்" என்றார்.

மாமி தேத்தண்ணியைக் கொண்டுவந்து டக்கென்று வைத்தார். சீனி இல்லாத காலம்; பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் குடிப்போம். ஒரு துண்டுப் பனங்கட்டி கொடுக்க இவ்வளவு முகத்தை நீட்டுகிறாரே, கை விரியாத சரியான கசவாரம் என்று முடிவுகட்டினேன்.

பாஸ் கொடுக்கும் கந்தோரில், மீசை அப்போதுதான் அரும்பிய ஒரு பெடியன் இருந்தான். அப்பாவிடம் படித்தவனோ என்னவோ, 'சேர்' என்றான்.

"இவைக்கு நீங்கள் ஆர், சேர்?"

"பிள்ளைக்குத் தகப்பன்."

"இந்த அக்காவுக்கு?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "இவ என்ரை பிள்ளையின்ரை தாய்."

எனக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியாத புழுகம். இரண்டு பெரிய ஆட்கள், நடுவில் நான் மட்டும்தான் உறவு. 'என்ரை அப்பா எனக்குப் பிணை நிக்கிறார்' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் சும்மா அப்பாமார்தானே.

குடாநாட்டை விட்டுப் போகக் கிளாலிக் கடலேரியில்தான் படகு. பஸ் கிடையாது. அப்பா தன் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டார். அம்மாவின் சைக்கிளில் நான். அவர்கள் பக்கம் பக்கமாகச் சைக்கிள் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். காற்றுக்கு எதிரே அம்மா களைத்தபோது அப்பாவும் மெதுவாக மிதித்தார்.

கரையில் பெட்டியை இறக்கியதும் கேட்டேன்.

"அப்பா, நீங்கள் எப்ப வாறியள்?"

"நீங்கள் வந்தாப்பிறகு, குஞ்சு."

கணக்கு மாஸ்டரே கணக்கைத் தலைகீழாகச் சொல்கிறார் என்று விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். யார் வெளிக்கிட்டாலும் சொல்லுகிற 'போட்டு வாறம்' அம்மாவின் வாயில் வரவில்லை. "கவனமாய் இருங்கோ" என்றார்.

அம்மாவின் சைக்கிளையும் அப்பாதான் திருப்பிக்கொண்டு போக வேண்டும். ஒன்றில் ஏறி மிதித்தபடி, மற்றதன் ஹாண்டிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அந்த மணல் வழியில் இரண்டையும் சரியாமல் ஓட்டிக்கொண்டு போனார். இப்படிச் சைக்கிள் ஓடத் தெரிந்த அப்பா இந்தக் கரையில் வேறு யாருக்கு இருக்கிறார் என்று சுற்றி நின்றவர்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தேன்.

படகுக்கு வரிசை நீண்டுகொண்டிருந்தது. அம்மா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. இரண்டு சைக்கிளும் கண்ணுக்கு மறைந்த பிறகும் அந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் புகுந்துவிட்டார்கள். சும்மா வெறும் வழியைப் பார்த்துக்கொண்டு எங்கள் இடத்தைத் தொலைக்கிறாரே என்று எனக்கு அம்மாவில் நல்ல கோபம் வந்தது.