ஒரே கையெழுத்தில் இரண்டு படிவங்கள்

ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. வேங்கிக்காலில் புது வீட்டுக்கு வந்த பிறகும், பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் யாராவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "சார், எந்த குரூப் எடுக்கலாம்?" நான் பதில் சொல்வதில்லை. காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு நான்தான் பொறுப்பு. அப்போது எடுக்கும் பிரிவிலேயே பன்னிரண்டையும் முடிக்க வேண்டும் என்பதால், படிவத்தை முதலில் பென்சிலில் நிரப்பச் சொல்வோம். நான் பார்த்துச் சரி என்ற பிறகுதான் பேனா. பென்சிலில் இருப்பது பிள்ளையின் சொந்த விருப்பம் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. ஒன்றுக்குப் பின்னால் மாமா இருப்பார், இன்னொன்றுக்குப் பின்னால் டியூஷன்காரர். எல்லாவற்றையும் பெஞ்சில் பரப்பி வைத்து, ஒரே கை எழுதிய படிவங்களைத் தேடுவேன். கிடைத்தால் அந்த இருவரையும் வேறு வேறு பிரிவில் போட்டுவிடுவேன்.

"நீங்க போலீசுக்குப் போயிருக்கணும் சார், வழி தவறி இங்க வந்துட்டீங்க" என்பார் வணிகவியல் ஆசிரியர். எனக்கு அது பாராட்டாகவே கேட்டது.

ஓய்வுக்கு முந்தின வருடம் அப்படி இரண்டு படிவங்கள் சிக்கின. இரண்டு பெண்கள், அடி அண்ணாமலையில் ஒரே தெரு. இருவருக்கும் வணிகவியல். ஒருத்தி சுமாராகப் படிப்பவள். அவளுக்கு அது சரி. இன்னொருத்தி அறிவியலில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவள். அவளைக் கூப்பிட்டேன்.

"ஒன் ஃபாரத்த யாரும்மா எழுதுனது?"

"அவதான் சார். எனக்கும் சேத்து எழுதிட்டா."

"அவ கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனா நீயும் கூடவே போயிடுவியா?"

வரிசையில் நின்ற பெற்றோர் சிரித்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "அவ பக்கத்துல இருந்தாத்தான் சார் எனக்கு நல்லது" என்றாள். தோழி முன்னால் வந்தாள்.

"அப்ப நான் வேணா சயின்சுக்கு வந்துடறேன் சார்."

"ஒன் மார்க்குக்கா?"

மறுபடி சிரிப்பு. இவ்வளவு அவசரப்படுகிறார்களே, என்னவோ இருக்கிறது என்று என் சந்தேகம் அதிகமானதே தவிர, என்ன என்று நான் கேட்கவில்லை.

அறிவியலில் தொண்ணூறு வாங்கியவளின் அப்பா நிலக்கடலை பயிரிடுகிறவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் கடை வைப்பார். அவரைத் தனியாகக்கூட அழைக்கவில்லை. வரிசைக்கு நடுவிலேயே பேசினேன்.

"அது ஒடம்புக்கு..." என்று தொடங்கினார்.

"ஒடம்புக்கு என்ன?"

பின்னால் நின்றவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எல்லாம் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். "ஒண்ணுமில்ல சார். நீங்க பாத்துச் செய்ங்க."

படிக்க வைக்க மனமில்லாமல் சாக்குத் தேடுகிறார் என்று நினைத்தேன். அவர் கண் முன்னாலேயே பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்து, கணிதம்–உயிரியல் என்று பேனாவில் எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் போட்டார்.

ஆகஸ்டில் ஒருநாள் மாடியில் வேதியியல் ஆய்வகத்திலிருந்து கூச்சல். ஓடினேன். அந்தப் பெண் தரையில் கிடந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. மற்ற பெண்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். என்னிடம் இருந்த சாவிக்கொத்தை அவள் கைக்குள் திணிக்கப் பார்த்தேன். அதற்குள் கீழ்த்தளத்து வணிகவியல் வகுப்பிலிருந்து தோழி வந்துவிட்டாள்.

"சாவியெல்லாம் வேணாம் சார். தள்ளுங்க. காத்து வரட்டும்."

விழுந்து கிடந்தவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். தலைக்கடியில் தன் துப்பட்டாவை மடித்து வைத்தாள், சுடிதாரை இழுத்துவிட்டாள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பலமுறை செய்து பழகிய கைகள். இழுப்பு நின்ற பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் சார் ஒரே கிளாஸ் கேட்டோம்."

ஆறாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து, கண் செருகத் தொடங்கும்போதே வெளியே அழைத்துப் போய், யாருக்கும் தெரியாமல் காப்பாற்றி வந்திருக்கிறாள். எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மறுநாள், விழுந்த பெண்ணின் அப்பா டி.சி. கேட்டு வந்தார். "வணிகவியலுக்கே மாத்திடறேங்க, இன்னிக்கே" என்றேன்.

"இனிமே எதுல போட்டா என்ன சார். ஃபிட்ஸ் வர பொண்ணுன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு இத யாரு கட்டுவான்?"

என் மீது கோபப்படக்கூட இல்லை.

அவர்கள் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை, பெண் ஊரில் இல்லை என்றார்கள். உள்ளே வளையல் சத்தம் கேட்டது. இரண்டாம் முறை பௌர்ணமிக்கு முதல் நாள். அப்பா வாசலில் தண்ணீர் பாட்டில் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவளே வெளியே வந்தாள்.

"படிப்ப விடல சார். பிரைவேட்டா எழுதப் போறேன். காமர்ஸ்தான்."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். ஆனால் என் புத்தி உடனே வேறு பக்கம் போனது. கிழவன் மனம் நோகக் கூடாதென்று சும்மா சொல்கிறாளோ?

"பாடம் யாரும்மா சொல்லித் தர்றாங்க?" என்றேன், அன்று வரிசையில் கேட்ட அதே குரலில்.

அவள் உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கணக்குப்பதிவியல். முதல் பக்கத்திலேயே கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டேன். படிவத்தில் நான் கண்டுபிடித்து அழித்த அதே கை. அப்போதும் நம்பாமல் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். அன்றைய பாடம், அன்றைய தேதியோடு இருந்தது.