ஐந்து கேள்விகளும் முழு மதிப்பெண்ணும்

1. பிரியாணிக்குப் பிறகு

நான் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி வருடங்களில் ஒருமுறை எங்களை ஒருநாள் பயிற்சிக்கு அழைத்தார்கள். விளையாட்டில் பிள்ளைகளுக்குத் தலையில் அடிபட்டால் வருகிற கன்கஷன் பற்றிய பயிற்சி. ரத்தம் வராது, வீக்கம் இருக்காது, ஆனால் உள்ளே மூளை குலுங்கியிருக்கும் என்று ஒரு டாக்டர் விளக்கினார். அதுவரை என் வைத்தியம், முகத்தில் தண்ணீர் அடித்து "எந்திரி, ஒண்ணுமில்ல" என்பதுதான்.

அடிபட்ட பிள்ளையிடம் ஐந்து கேள்விகள் கேட்கச் சொன்னார். இது எந்த ஊர் கிரவுண்ட், இப்போது எந்த ஹாஃப், கடைசி பாயிண்ட் யாருக்கு, போன மேட்ச் யாரோடு, அதில் ஜெயித்தோமா. பதில் தப்பினால் வெளியே எடுத்துவிட வேண்டும். மதியம் பிரியாணி போட்டார்கள். அதற்குப் பிறகு அவர் பேசியது எதையும் நான் கேட்கவில்லை. கண்ணசந்துவிட்டேன்.

2. அரை டாக்டர்

பள்ளிக்குத் திரும்பியதும் நான் அரை டாக்டராகிவிட்டேன். எங்கள் கபடிப் பிள்ளைகளில் யார் தலை தரையில் உரசினாலும் ஐந்து கேள்விகளோடு ஓடுவேன். தடுமாறிய ஒரு பெண்ணை உட்கார வைத்ததில் டீமில் அவளுடைய இடமே போயிற்று. மற்ற பள்ளி வாத்தியார்கள், "டாக்டர் வாராரு, வழி விடுங்கப்பா" என்று கிண்டல் செய்வார்கள். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

3. திருவாதவூர் மேட்ச்

அன்று விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளைத் தேர்வு செய்கிறவர்கள் வந்திருந்தார்கள். எங்கள் ரெய்டர் பாண்டிச்செல்வி ஆனையூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள். விடுதி கிடைத்தால் சாப்பாடு, பயிற்சி, காலேஜ் சீட் எல்லாவற்றுக்கும் வழி பிறக்கும். அப்பா வேலையை விட்டுவிட்டுத் தன் வண்டியிலேயே அவளைக் கூட்டி வந்திருந்தார். அவளும் பின்னி எடுத்துக்கொண்டிருந்தாள்.

செகண்ட் ஹாஃபில் எதிர் டீம் பெண்ணின் முழங்கால் அவள் நெற்றிப்பொட்டில் இடித்தது. விழுந்து எழுந்தாள். நான் போவதற்குள் பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று, தோளைப் பிடித்துக்கொண்டு காதில் ஏதோ சொன்னார்கள். என்ன ஒற்றுமை என்று எனக்கு நெஞ்சே நிறைந்துவிட்டது.

கேட்டேன். ஐந்துக்கும் டாண் டாண்ணு பதில் வந்தது.

"சரி, முடியக் கட்டிக்கிட்டுப் போத்தா. தண்ணி குடிச்சியா?"

"திருவாதவூர் சார்."

"ஏத்தா, தண்ணி குடிச்சியான்னேன்."

"செகண்ட் ஹாஃப் சார்."

கையைக் காட்டி அவளை வெளியே எடுத்தேன். அவள் அப்பா ஓடி வந்தார்.

"அஞ்சுக்கும் சரியாச் சொல்லுச்சுல்ல சார்? பெறகு எதுக்கு உக்கார வைக்கிறீங்க? செலக்சன்காரங்க பாத்துக்கிட்டு இருக்காங்க."

"நீங்களே ஏதாச்சும் கேட்டுப் பாருங்கண்ணே."

அவர் குனிந்து, "பாண்டி, நல்லா இருக்கியாத்தா?" என்றார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்து, "நீ எப்பப்பா வந்த?" என்றாள். மகளைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தார்.

4. என் பேப்பரில் சென்டம்

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத்தான் பிடித்தார். "பதில் சரியாச் சொன்னா மட்டும் போதுமா சார்? தலையில அடின்னு சந்தேகம் வந்தாலே அன்னைக்கு ஆட்டம் கிடையாது. இதே எடத்துல இன்னொரு அடி பட்டிருந்தா நான் வேற மாதிரி பேசிக்கிட்டு இருப்பேன். உங்க டிரெய்னிங்ல சொல்லலையா?"

"சொன்னாங்க சார்," என்றேன். பிரியாணி விவகாரத்தைச் சொல்லவில்லை.

மறுநாள் கேப்டன் கௌசல்யா உண்மையைச் சொன்னாள். "வேன்ல வாரப்பவே பதில் பேசி வச்சுக்குவோம் சார். ஊரு பேரையும் போன மேட்ச்சையும் மட்டும் மாத்திக்கணும். எந்த ஹாஃப், பாயிண்ட் யாருக்குன்னு அடிபட்ட பெறகு காதுல சொல்லிருவோம்."

"ஏம்மா இப்படி?"

"நீங்க உக்கார வச்சா எடம் போயிருதுல்ல சார்."

கபடிப் பிள்ளைகள் எதையும் மனப்பாடம் செய்வதில்லை என்று ஸ்டாஃப் ரூமில் எத்தனையோ நாள் புலம்பியிருக்கிறேன். என் பேப்பரில் மட்டும் மொத்த டீமும் சென்டம். கேள்வியை மாற்ற வேண்டும் என்று எனக்குத்தான் தோன்றவில்லை.

அன்றே சட்டத்தை மாற்றினேன். தலையில் அடி என்றால் கேள்வியே கிடையாது, நேராக வெளியே. டாக்டர் சரி என்று சொல்லி அடிபட்டவள் திரும்பி வருகிறவரை அவள் இடம் அவளுக்கே. பிறகு பிள்ளைகள் தாங்களாகவே வந்து தலை வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ரவுண்டு ஓடுவதற்குப் பயந்து சிலர் பொய்யும் சொன்னார்கள். கண்டுகொள்ளவில்லை.

செலக்சன் அந்த வருடம் போய்விட்டது. பாண்டிச்செல்வி தேறி கிரவுண்டுக்கு வந்த அன்று, "சார், அன்னைக்கு நான் நல்லா வெளையாண்டேனா?" என்று கேட்டாள். காலையில் அப்பாவின் வண்டியில் ஏறியது வரைதான் அவளுக்கு ஞாபகம். மேட்ச் மொத்தமும் அழிந்துபோயிருந்தது. ஒவ்வொரு ரெய்டாகச் சொன்னேன். யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்பதுபோல், "பெறகு சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிவில், "அம்புட்டு நல்லாவா ஆடுனேன்?" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

புதிதாக வேலைக்கு வருகிற பி.டி. வாத்தியார்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பிள்ளை ஆடிய ஆட்டம் அவளுக்கு ஞாபகம் இருக்க வேண்டும். கப், செலக்சன் எல்லாம் அதற்குப் பிறகு.