தூடாவின் பதில் பாட்டு

அறுவடை முடிந்திருந்தது. மலைமேலிருந்த இக்னி ஊர்க் களத்தில் வால்நட் மரத்தடியில் கம்பளங்களை விரித்து, பார்லி ரொட்டியும் வெண்ணெயும் தேனும் வைத்திருந்தார்கள். மணப்பெண் இட்டோவை அழைத்துப்போக, பள்ளத்தாக்கிலிருந்த தஸ்ரா ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கோவேறு கழுதைகளோடு ஏறி வந்திருந்தார்கள். அவர்களோடு வந்த பெண்கள் கூட்டத்துக்கு முன்னால் பறையோடு நின்றவள் ஹத்தா. தூடாவின் கூடப்பிறந்த அக்காள்.

தூடாவும் தஸ்ராவில் பிறந்தவள்தான். பஸ்ஸுவுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த மலைக்கு ஏறி வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. ஆற்றங்கரையில் வளர்ந்தவளுக்கு இங்கே குடிக்கிற தண்ணீரையும் முதுகில்தான் சுமக்க வேண்டியிருந்தது. அவளும் பஸ்ஸுவும் சரிவிலிருந்த கல்லைப் பெயர்த்து வரப்புக் கட்டி, கூடை கூடையாக மண் சுமந்து கொட்டி, ஆப்பிள் கன்று வைத்தார்கள். மரம் காய்த்த பிறகும் மூத்தார் மனைவி ஃபத்மாவுக்கு அவள் "தஸ்ராக்காரி"தான். ஊர்ப் பெண்கள் நின்று பாடும் வரிசையில் தூடாவுக்குக் கடைசி இடம். முதல் இடம் எப்போதும் ஃபத்மாவுக்கு.

ஹத்தா பறையைத் தட்டினாள்.

"கல்லைத் தின்னும் இக்னியிலே
கழுதைக்கும் புல் இல்லே!
ஏறிக்கோடி மருமகளே,
இந்தப் பக்கம் திரும்பாதே!"

தஸ்ராப் பெண்கள் குலவையிட்டுச் சிரித்தார்கள். பெண் வீட்டார் பதில் பாடினால்தான் பெண்ணைக் கழுதைமேல் ஏற்றலாம். பாடாவிட்டால் அந்த வெட்கம் ஊரைவிட்டுப் போகாது. எல்லோரும் ஃபத்மாவைப் பார்த்தார்கள். மணப்பெண் அவளுடைய ஒரே மகள். ஃபத்மா வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது.

"என்ன, நாக்கையும் கல்லு தின்னுடுச்சா?" என்றாள் ஹத்தா.

ஃபத்மா திரும்பி, தன் பறையைத் தூடாவின் கையில் திணித்தாள். "நீ பாடு."

"அது என் அக்கா..."

"தெரியும். அதான் சொல்றேன். அவ வாய்க்கு உன்னைவிட்டா யாரு இருக்கா?"

தூடா கடைசி இடத்திலிருந்து நடந்து முன்னால் வந்தாள். அக்காளை நேருக்கு நேர் பார்த்தாள்.

"கல்லுதான் எங்க ஊரு, அதைக்
கையாலே வயலாக்கினோம்!
ஆத்தோரம் படுத்தவங்க
தாகத்தை என்ன கண்டாங்க?

புல்லு தேடி வந்தீகளோ,
பொண்ணு தேடி வந்தீகளோ?
எங்க புள்ள கால் பட்டா
உங்க வாசல் ஒசந்து போகும்!"

களமே அதிர்ந்தது. இக்னிப் பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து அந்தக் கடைசி அடியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். ஆண்கள் பக்கம் பஸ்ஸு எழுந்தே நின்றுவிட்டான்.

ஹத்தா பறையைக் கீழே வைத்துவிட்டு வந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள். "அடிப்பாவி, பொறந்த ஊரையே இப்படி வாருறியே! எங்க ஊர்ப் பொண்ணா நீ?"

தூடா வாயெடுப்பதற்குள் ஃபத்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குறுக்கே வந்தாள். "உங்க ஊர்ப் பொண்ணா? யாரு சொன்னா? இவ எங்க வீட்டுக்காரி. வேணும்னா கூடவே வந்து உங்க வாசல்லயும் பாடுவா."

இட்டோவைக் கழுதைமேல் ஏற்றினார்கள். முக்காட்டுக்குள்ளிருந்து அவள் கை நீண்டு தூடாவின் தோளைப் பிடித்தது. "சித்தி, அங்கே யாராவது என்னை இக்னிக்காரின்னு கூப்பிட்டா?"

"ஆமான்னு சொல்லு," என்றாள் தூடா. "நல்லா சத்தமா சொல்லு."

பறையை உயர்த்திப் பிடித்து, ஊர்வலத்துக்கு முன்னால் அவளே மலைப்பாதையில் இறங்கி நடந்தாள்.