சனிக்கிழமை சேவையும் சுமதி அக்காவின் ராஜினாமாவும்

கால் சென்டர் என்பது, நாம் வணக்கம் சொல்லி முடிக்கும் முன்பே எதிர்முனை திட்டி முடித்துவிடும் தொழில். ஹெட்போன் மாட்டிய சகபாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாதி வாக்கியம்

பிளஸ் டூ முடித்த கையோடு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கால் சென்டரில் சேர்ந்தேன். இன்டர்நெட் புகார் கேட்கும் வேலை. பக்கத்து சீட் சுமதி அக்கா, தென்காசிக்காரர். நிறுத்தி, நிதானமாகப் பேசுவார். கஸ்டமர்கள் பாதியிலேயே போனை வைத்துவிடுவார்கள். "ஒருத்தரும் முழுசாப் பேச விட மாட்டேங்காவ. இந்த மாசத்தோட பேப்பர் போட்டுருவேன்" என்றார் ஒருநாள். ராஜினாமாவைத்தான், நிஜமாகவே சொன்னார்.

சிரிக்கவைக்கலாம் என்று கான்டீன் போனிலிருந்து அக்காவின் எக்ஸ்டென்ஷனுக்கு ஆவடி அண்ணாத்தே குரலில் கூப்பிட்டேன். "இன்னா மேடம், நெட்டு சுத்திகினே கீது?" அக்கா பொறுமையாக விளக்க ஆரம்பித்ததும் டக்கென்று வைத்தேன். திரும்பி வந்தால் முறைப்பு. "ஏல, நீயுமா?"

மூக்கு

டீம் லீடர் பிரபாகர் சார் அறிவித்தார்: சனிக்கிழமை பூந்தமல்லியில், பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசிக்கப் போகிறோம். "கய்ஸ், உங்க வேலைக்கே ஒரு மீனிங் கிடைக்கும்!"

லீவு போச்சே என்ற கடுப்பில், பஸ்ஸில் அதையே அவருடைய மூக்குக் குரலில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரே சிரிப்பு. திரும்பிப் பார்த்தால், பின்சீட்டில் சார். "நல்லாத்தான் பண்ற. மூக்கு இன்னும் கொஞ்சம் வேணும் தம்பி."

பழக்க தோஷம்

ஆளுக்கொரு மாணவர். நான் பொருளாதாரப் பாடத்தைக் காய்கறிக்காரர் குரலில் வாசித்ததில், என் ஆள் சிரித்தே பதிவைக் கெடுத்தான். அடுத்த மேசையில் பிளஸ் டூ படிக்கும் கார்த்தி, செல்போனில் பதிவு செய்தபடி அக்காவைக் கேட்டுக்கொண்டிருந்தான். குறுக்கே ஒரு வார்த்தை இல்லை. பாடம் முடிந்ததும் அக்காவின் வாய் தானாகச் சொன்னது: "வேறு ஏதேனும் உதவி தேவையா சார்?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். கார்த்தி மட்டும் சிரிக்கவில்லை. "ஆமாக்கா. அடுத்த பாடமும் படிங்க. நீங்க படிச்சா கமா, புள்ளி எல்லாம் தெரியுது."

திங்கட்கிழமை

கஸ்டமர்கள் திருந்தவில்லை. முதல் ஆளே பாதியில் வைத்தார். அக்கா செத்துப்போன லைனிடம் மிச்ச வாக்கியத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்த அழைப்பை எடுத்தார். பேப்பர் போடும் விஷயம் காதுக்கு எட்டி, பிரபாகர் சார் பதறி ஓடிவந்தார். "அது கெடக்கட்டும் சார். அந்தப் பையனுக்கு இன்னும் பாதிப் புஸ்தகம் பாக்கி. வர்ற சனிக்கிழம பஸ் உண்டா?"

ஆக, சார் சொன்ன மீனிங் கிடைப்பதென்னவோ உண்மைதான், அதற்கு நம் லீவு நாளையும் ஆபீசுக்கே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.