குரோய்வா வாங்கிய உறைகள்

ஜப்பான்கார ஓவியர் குரோய்வா எனக்கு ஆறு லட்சத்து முப்பதாயிரம் கியாட் கடன்பட்டிருந்தார். பதினாலு படத்துக்குத் தேக்குச் சட்டம், கண்ணாடி, கூலி. பதினோரு மாசமாக ஒரு காசு வரவில்லை.

நான் இந்த யாங்கோன் நகரத்து லத்தா பேட்டையில் நாற்பது வருஷமாகப் படத்துக்குச் சட்டம் போடுகிறவன். படிப்பு மூணாம் கிளாஸோடு போச்சு. ஆனால் நான் பொருத்திய மூலையில் ஒரு முடி நுழையாது. தூதரகத்துக்காரனே என் கடை வாசலில் காத்து நின்றிருக்கிறான். என்னைக் காக்கவைத்தால் கோபம் வருமா, வராதா?

அந்த மனுஷன் ஒசாகாவில் பெயிண்டு விளம்பரம் வரைந்துகொண்டிருந்தவர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் சுற்றிப் பார்க்க வந்தார். ஆற்றுக்கு அக்கரையில் த்வாண்டேயில் பானை வனைகிறவர்களின் கைகளைப் பார்த்தார், அப்புறம் ஊர் திரும்பவில்லை. எப்போதும் கைகள்தான், முகம் வரைய மாட்டார். வெளிநாட்டுக்காரர்கள் வந்தவரை படம் விற்றது. ஓட்டல்கள் காலியானதும் இவரும் காலி.

அவருடைய ஐந்தாம் மாடியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.

"ஊ குரோய்வா! என் காசு எங்கே?" பர்மாவில் பெரிய மனுஷனை 'ஊ' போட்டுத்தான் கூப்பிட வேண்டும், கோபத்திலும்.

எட்டிப் பார்த்தார். "படம் விற்கவில்லை, ஊ செல்லக்கண்ணு. மூன்று படம் மழையில் பூஞ்சை பிடித்து, பிரேம்நாத் எறிந்துவிட்டாராம். இந்த மாசமும் வாடகை இல்லையென்றால் நான் ஜப்பானுக்கே போக வேண்டியதுதான்."

"என் கடனோடு விமானம் ஏறுவீரோ? அதுவும் நான் அடைத்த சட்டத்துக்குள் பூஞ்சையா?"

பிரேம்நாத்தான் இவர் படங்களைக் கடையில் வைத்து விற்கிறவன். விற்றதில் ஆளுக்குப் பாதி என்று பேச்சு.

நாலாம் நாள், விமான நிலையத்துப் பக்கம் மிங்கலாடோனிலிருந்து டாக்டரம்மா தமிழரசி, களிமண் அப்பிய இரண்டு கைகளின் படம் ஒன்றோடு வந்தார். சுவரிலிருந்து விழுந்து கண்ணாடி உடைந்திருந்தது. பின்பலகையைக் கழற்றினேன். உள்விளிம்பில் பென்சிலில் பதினொன்று. என் எழுத்து! ஒவ்வொரு ஓவியருக்கும் நான் சட்டம் போடும் படங்களுக்கு உள்ளே வரிசை எண் போடுவேன். வெளியே ஒட்டிய என் கடைச் சீட்டைச் சுரண்டியவனுக்கு அது தெரியாது.

"எங்கே வாங்கினீங்கம்மா?"

"பிரேம்நாத் கடையில. ஒன்பது லட்சம். ரசீது இருக்கு."

ரசீதை வாங்கிக்கொண்டு குரோய்வாவை மாடியிலிருந்து இறக்கினேன். பூஞ்சை பிடித்ததாகச் சொன்ன மூன்று படம் எவை என்று கேட்டு என் நோட்டில் பார்த்தேன்: எட்டு, பதினொன்று, பதிமூணு. போகிற வழியில் கேட்டேன், "இத்தனை வருஷம் அவன் கொடுத்ததை எண்ணிப் பார்த்ததே இல்லையா?"

"உறையில் போட்டுக் கொடுப்பார். கொடுத்தவர் முன்னால் பிரிப்பது எங்களில் மரியாதை இல்லை."

"வீட்டில் பிரித்தீரே, குறைந்ததா?"

"குறைந்தது. எப்படிக் கேட்பது?"

எனக்கு ரத்தம் கொதித்தது. திருடியவன் மேலா, கேட்காத இந்த மனுஷன் மேலா, தெரியவில்லை.

கடையில் பிரேம்நாத் சிரித்தான். "வாங்கண்ணே, தேத்தண்ணி சாப்பிடுங்க."

"டேய், மழையில எறிஞ்ச படம் டாக்டரம்மா வீட்டுச் சுவத்துல எப்படிடா காய்ஞ்சுது?" ரசீதை மேஜையில் அறைந்தேன். "எட்டும் பதிமூணும் எங்கே? சொல்றியா, யாங்கோன் முழுக்க ஒவ்வொரு வீட்டுச் சட்டமாக் கழற்றிப் பார்க்கட்டுமா? நான் கழற்றுவேன்!"

அவன் ரசீதைப் பார்த்தான், ஒப்புக்கொண்டான். மூணும் ஒரே விலைக்குப் போனதாம். பாதிக் கணக்கில் பதிமூன்றரை லட்சம். உள்ளே போய்ப் பணத்தோடு வந்தான். பழக்கம் விடுமா, வெள்ளை உறையில்! குரோய்வாவும் தலை குனிந்து இரண்டு கையையும் நீட்டினார்.

உறையைப் பிடுங்கிக் கிழித்தேன். "எண்ணிக் கொடுடா. நீரும் நிமிர்ந்து நின்று பாரும்!"

பிரேம்நாத் எண்ணினான். பத்தாயிரம் குறைந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் குரோய்வா சொன்னார், "இன்னும் ஒரு தாள்."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

என் கடைத் தெருவுக்கு வந்து சேர்ந்ததும் அவர் கை தன் பைக்குள் போனது, எனக்கு உறை தேட. நான் முறைத்தேன். கையை வெளியே எடுத்தார். நடுத்தெருவில், என் விரித்த உள்ளங்கையில், ஒவ்வொரு தாளாக, வாய்விட்டு எண்ணி, அறுபத்து மூன்று பத்தாயிரத்தை வைத்தார்.