நடுவுல வெச்சா சத்தம் வரக்கூடாது

எங்க வூட்டுக்காரர் துறைமுகத்துல கிரேன் எலக்ட்ரீஷியன். அஞ்சாறு மாடி உசரத்துக்கு ஏறி, காத்து தள்ள தள்ள வயர் இழுக்கிற மனுஷன். மாதா கோவில் வாசப்படி நாலு ஏறச் சொன்னா மட்டும் முட்டி வலி வந்துடும். ஞாயித்துக்கிழமையானா என்னையும் என் கிடாரையும் ராயபுரத்துல கோவில் வாசல்ல எறக்கி வுட்டுட்டு, எதிர்ல டீக்கடைக்குப் போயிடுவாரு. பூசை முடிஞ்சு நான் வெளிய வந்தா, "இன்னாமே, சாமி காதுல வுழுந்துச்சா உன் கச்சேரி?"ம்பாரு.

நான் பூசையில பாடுற கொயர்ல எலக்ட்ரிக் கிடார் வாசிக்கிறவ. நாப்பத்தஞ்சு வயசுல இவளுக்கு இது எதுக்குன்னு கேக்காத ஆளு எங்க தெருவுல கெடையாது. கேட்டுட்டுப் போகட்டும். வாரத்துல ஆறு நாள் மத்தவங்களுக்கு, அந்த ஒண்ணரை மணி நேரம் எனக்கு. அதை எவ கேட்டாலும் வுட்டுக் குடுக்க மாட்டேன்.

ஆனா கிடாருக்கு ஒரு வியாதி இருந்துச்சு. வாசிக்கும்போது ஒழுங்கா இருக்கும்; கையை எடுத்தா "ங்ங்ங்"ன்னு இரையும். அதுவும் ஃபாதர் அப்பத்தை மேல தூக்கிக் காட்டுற நேரம் பார்த்து, மொத்தக் கோவிலும் முட்டி போட்டு மூச்சு வுடாம இருக்கிறப்போ, ஸ்பீக்கர் பொட்டிக்குள்ள கொசு பூந்த மாதிரி. அவர் ரெண்டு வாரம் பொறுத்தாரு. மூணாவது வாரம் கூப்ட்டு, சிரிச்ச மொகமாவே சொன்னாரு: "அம்மா, திருவிழாப் பூசைக்கு ஆயர், நம்ம பிஷப்பே வர்றாரு. அன்னிக்கும் இந்தச் சத்தம் வந்துதுன்னா, அப்புறம் நமக்குக் கீபோர்டே போதும்."

வியாதி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். என் கிடாருல ரெண்டு பிக்கப் கீது. பிக்கப்னா கம்பிக்கு அடியில பதிச்சிருக்கிற காந்தச் சுருள்; கம்பி அதிர்றதைக் கரண்டாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பறது அதுதான். மேல இருக்கிறது இதமாப் பேசும். கீழ இருக்கிறது வெடுக்குன்னு பேசும், எங்க நாத்தனார் மாதிரி. எது பேசணும்னு சொல்ற சுவிட்ச் உப்புக் காத்துல துரு புடிச்சு ஒரே பக்கமா நின்னுபோச்சு. ஒத்தைப் பிக்கப் இரையத்தான் செய்யும். ரெண்டையும் சேர்த்து வெச்சா ஒண்ணோட இரைச்சலை இன்னொண்ணு அடிச்சுடும், அப்படித்தான் எதிரெதிரா சுத்தியிருக்காங்க.

சுவிட்ச் மாத்தறதுதான் மாத்தறோம், வேற என்னல்லாம் செய்யலாம்னு போன்ல வீடியோ பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது. ஒருத்தன் ரெண்டையும் வரிசையா கோக்கச் சொல்றான், ஒருத்தன் பக்கம் பக்கமா கோக்கச் சொல்றான். இன்னொருத்தன், குமிழை இழுத்தா ஒரு மாதிரி, அமுக்குனா ஒரு மாதிரிங்கிறான். புடவைக் கடையில எல்லாத்தையும் பிரிச்சுப் போடச் சொல்லிட்டு முழிச்சுகினு உக்காந்திருப்போமே, அந்த கதிதான்.

"இதுல இன்னாமே பேஜாரு? ரெண்டு லைட்டுன்னா ரெண்டு சுவிட்ச்சு. நான் போட்டுத் தர்றேன்"னாரு வூட்டுக்காரர்.

"யோவ், பாட்டு பாதியில நான் சுவிட்ச் போர்டு தேடிகினு இருப்பேனா?"

"அப்போ உனக்கு இன்னா வேணுமோ ஒரே வரியில சொல்லு. வீடியோ கதையெல்லாம் வாணாம்."

பொறுமையா சொல்லியிருக்கலாம். அவர் கேட்ட தோரணையில எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. "மூணு இடம் நிக்கிற சுவிட்ச். மேல தள்ளுனா ஒரு பிக்கப், கீழ தள்ளுனா இன்னொண்ணு. நடுவுல வெச்சா சத்தம் வரக்கூடாது. போதுமா?"ன்னேன்.

அவர் மூஞ்சி மலர்ந்துபோச்சு. "அட, இது நம்ம கிரேன் லீவருமே! இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

கடையில போய் சுவிட்ச் வாங்கிட்டு வந்து, திருவிழா அன்னிக்குக் காலைலதான் ஈயத்தால பத்த வெச்சு முடிச்சாரு. ஸ்பீக்கர் பொட்டி முந்தின நாளே கோவிலுக்குப் போயிடுச்சு, வாசிச்சுப் பார்க்க வழியில்ல. அவர் மீட்டரை எடுத்து சுவிட்ச்சுல வெச்சுக் காட்டினாரு. மேல தள்ளுனா பீப். கீழ தள்ளுனா பீப். நடுவுல மூச்சு பேச்சு இல்ல. "திருப்திதானே?"ன்னாரு. ஆஹா, இரைச்சல் போச்சுன்னு நானும் தலையாட்டினேன் பாரு, என் புத்தியை எதால அடிக்கிறது!

சாயந்தரப் பூசைக்கு அவர் டீக்கடைக்குப் போகல. இஸ்திரி போட்ட சட்டையோட உள்ள வந்து மூணாவது பெஞ்சுல உக்காந்தாரு. "என் வேலையை நான்தானே பார்க்கணும்"னாரு. கல்யாணம் ஆகி இத்தினி வருஷத்துல நான் வாசிக்கிறதைப் பார்க்க அவர் உள்ள வந்தது அதுதான் மொத தடவை.

சுவிட்சை நடுவுல வெச்சு, சத்தத்தை முழுசா ஏத்தினேன். இரைச்சல் இல்ல! துளிகூட இல்ல! அவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன், அவர் கட்டை விரலைத் தூக்கினாரு. ஆயர் உள்ள வர, வருகைப் பாட்டு ஆரம்பிச்சுது. கம்பியை மீட்டினேன். டிக் டிக்குன்னு ஈர்க்குச்சி தட்டுற மாதிரி என் காதுக்கு மட்டும் கேட்டுச்சு. ஸ்பீக்கர் சுத்தமா ஊமை.

நாலு சரணமும் வாசிக்கிற மாதிரியே நடிச்சேன், தலையை வேற ஆட்டிகினு. உக்காந்ததும்தான் வெளங்கிச்சு. கிரேன் லீவரை ஒரு பக்கம் தள்ளுனா சரக்கு மேல ஏறும், மறுபக்கம் தள்ளுனா எறங்கும், நடுவுல வுட்டா எல்லாம் நின்னுடும். அவங்களுக்கு நடுன்னா நிறுத்தம். எனக்கு நடுன்னா ரெண்டு பிக்கப்பும் சேர்ந்து பேசுற எடம்; நான் இரைச்சலை சத்தம்னேன். அவர் சத்தத்தையே சத்தம்னு எடுத்துகினாரு. கோவமா வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு, ரெண்டையும் கடிச்சுகினேன்.

சனங்க அப்பம் வாங்க வர்றப்போ பாடுற நற்கருணைப் பாட்டு தனிக் கிடார்லதான் ஆரம்பிக்கும், அங்க நடிக்க முடியாது. மேல தள்ளினா கிடார் பேசும், ஆனா வாசிச்சு முடிச்சதும் இரையும். இரையறதுக்கு முன்னாடி நடுவுக்குத் தள்ளிட்டா? அதுக்கு முன்னாடி வர்ற காணிக்கைப் பாட்டுல செஞ்சு பார்த்தேன். வாசிச்சேன், கடைசித் தட்டு அடங்குறதுக்குள்ள லீவரை நடுவுக்குக் கொண்டாந்தேன். கப்சிப். அப்பத்தைத் தூக்கின நேரம், வெளிய துறைமுகத்துல ஏதோ கப்பல் சங்கு ஊதினதுகூடக் கேட்டுச்சு. ஃபாதர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல. நற்கருணைப் பாட்டை நடுங்காம வாசிச்சேன்.

பூசை முடிஞ்சு ஃபாதர் என்னைத் தேடிகினு வந்தாரு. "இப்பதாம்மா கிடார் கிடார் மாதிரி இருக்கு. எல்லா வாரமும் வாசிங்க. அதுலயும் அந்த வருகைப் பாட்டு! எவ்ளோ இதம்!"

கும்புட்டுட்டு வேகமா வெளிய வந்துட்டேன். ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்துகினு இவர்கிட்ட அதைச் சொன்னேன். சிரிப்பு தாங்காம, கன்டெய்னர் லாரிங்க வரிசைக்குப் பக்கத்துல வண்டியை ஓரங்கட்டிட்டாரு.

"யோவ், மொத பாட்டு வர்லன்னு உனக்குத் தெரியுமா?"

"மூணாவது பெஞ்சுல உக்காந்துகினு தெரியாம இருக்குமா? உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சுது. ஆனா உன் கை நிக்கவேயில்லமே. அதையே பார்த்துகினு இருந்தேன். இத்தினி வருஷமா வெளிய குந்திகினு டீ குடிச்சேன் பாரு, நான் ஒரு லூசு."

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அதைக் காட்டிக்காம அவர் முதுகுல ஒண்ணு போட்டேன்.

வண்டியைக் கெளப்பிகினே கேட்டாரு, "சரி, நாளைக்கு நீ சொல்ற மாதிரி வேற சுவிட்ச்சு வாங்கி மாத்திடட்டா?"

"அதுல கையை வெச்சே, ஒடிச்சுடுவேன்"னேன்.