ரோசலினுக்கு ஒரு வெள்ளித் தொட்டில்

ஆரோக்கியஜோசப் வீட்டில் ஒரே ஒரு ஏ.சி.தான் உண்டு. அது பாம்புகளுக்கு. மனிதர்களுக்கு மின்விசிறி.

காரைக்காலில் பாதிப் பேரின் ஏ.சி. அவர் கை பட்டுத்தான் ஓடுகிறது. ஆனாலும் தன் படுக்கையறையில் ஒன்றை மாட்ட அந்த மெக்கானிக்குக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருடமாக நேரம் கிடைக்கவில்லை. ரோசி போவா என்கிற அமெரிக்கப் பாலைவனத்துப் பாம்பு ஜோடி வந்திறங்கிய வாரமே கூடத்தில் மாட்ட நேரம் கிடைத்துவிட்டது. மாதா கோயிலுக்குப் பின்தெரு முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தது. அவர் மனைவி சில்வியா மட்டும் சிரிக்கவில்லை.

பாம்பு என்றதும் படமெடுத்து ஆடுவதை நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டரை அடி நீளம், சாம்பல் உடம்பில் செங்கல் நிறத்தில் மூன்று பட்டை. விஷம் கிடையாது, கடிக்கவும் சோம்பல். ஏதாவதொரு அலுவலக நாற்காலியில் விட்டால் மாதக்கணக்கில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பெங்களூரில் வளர்ப்பவர் ஒருவரிடம் முறையாக வாங்கி, வனத்துறையின் இணையதளத்தில் பதிவும் செய்திருந்தார். அப்படியும் திருநள்ளாற்று லாட்ஜ் மேனேஜர் ராஜ்மோகன் ஒருநாள் வந்து, இது அதிர்ஷ்டம் தரும் இருதலை மணியன்தானே என்று காதைக் கடித்தார். ஜோசப் தலையைத் தனியாக, வாலைத் தனியாகக் காட்டினார்.

"தலை ஒண்ணுதான்னு வெளியில அப்படித்தாங்க சொல்லணும். புரியுது" என்று கண்ணடித்துவிட்டுப் போனார் ராஜ்மோகன்.

சில்வியாவின் வருத்தம் வேறு. ஃபிரீசரில் வஞ்சிரத் துண்டுக்குப் பக்கத்தில் வெள்ளை எலி விறைத்துக் கிடந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் கூடத்தில் பாம்பின் தலையை மிதித்தபடி நிற்கிற மாதா சுரூபத்துக்கு நேரெதிரே அந்தக் கண்ணாடிப் பெட்டிகளை வைத்ததுதான் பொறுக்கவில்லை.

"மாதா காலுக்குக் கீழ கெடக்க வேண்டியதுங்க அது. அதுக்குப் போயி ஏ.சி.யா?"

பாலைவனத்துப் பாம்புக்கு ஈரம் ஆகாது. காரைக்காலிலோ பிரித்த அப்பளக் கட்டு மறுநாளே தொய்ந்துவிடும். அதற்காகத்தான் ஏ.சி., பெட்டிக்குள் ஈரப்பத மீட்டர், மாதத்தில் இரண்டே நாள் தண்ணீர்க் கிண்ணம். டிசம்பரிலிருந்து ஐந்து வாரம் பட்டினி போட்டுக் குளிரில் கிடத்தி, மார்ச்சில் ஜோடி சேர்த்தார். முதல் வருடம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருடமும் இல்லை. வாழ்நாள் முழுக்கச் செத்த இயந்திரங்களுக்கு உயிர் கொடுத்தவர் அவர். தன் கையால் புதிதாக ஒன்று பிறந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அந்த வீட்டில் பிள்ளைச் சத்தம் கேட்டதில்லை. அதைப் பற்றிய பேச்சும் நின்று வெகுகாலமாயிற்று.

மூன்றாம் வருடம் ஜூனில் பெண் பாம்பு இரை எடுக்க மறுத்தது. வயிறு மெல்லப் பருத்தது.

"முட்டை எத்தனை போடும்?" என்று சில்வியா ஒப்புக்குக் கேட்டாள்.

"முட்டையில்ல. குட்டி. நம்மள மாதிரிதான்."

சில்வியா பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். அன்றிலிருந்து 'அது' போய் 'அவள்' ஆயிற்று. ஒரு வாரத்தில் ரோசலின் என்று பெயரும் வைத்தாயிற்று. ஞானஸ்நானம் ஒன்றுதான் பாக்கி.

ஆகஸ்டு கடைசியில் தெருப் பெண்களோடு நாகூர் வழியாக வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நடந்துபோய், காலில் கொப்புளத்தோடும் கையில் தீர்த்த பாட்டிலோடும் திரும்பினாள். அடுத்த வாரத்திலிருந்து ரோசலின் பெட்டியில் மீட்டர் ஏற ஆரம்பித்தது.

ஜோசப் ஏ.சி.யைக் கழற்றினார். வடிகுழாயை ஊதினார். கேஸ் பார்த்தார், ஜன்னல் இடுக்குக்கு டேப் ஒட்டினார். கோளாறு எதுவும் அகப்படவில்லை, மீட்டரும் இறங்கவில்லை. ரோசலின் தலையை அண்ணாந்து வாயைத் திறந்து மூச்சு விட்டாள். மூச்சில் விசில் கேட்டது. உள்ளூர் கால்நடை டாக்டர், மாடு ஆடு என்றால் சொல்லலாம், இதற்கு ஊசி எங்கே குத்துவது என்றே தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். சென்னையில் பாம்பு பார்க்கும் டாக்டர் போனிலேயே மருந்து சொல்லிவிட்டு, பெட்டியில் எங்கேயோ ஈரம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் மருந்து வேலை செய்யாது என்றார்.

ஒன்பதாம் நாள் காலை மூன்று குட்டிகள் வெளியே வந்து கிடந்தன. ஒன்றும் அசையவில்லை. மத்தியானத்துக்குள் ரோசலினும் அசைவதை நிறுத்திவிட்டாள்.

அவள் ஒண்டிக் கிடக்கும் மண்சட்டியை, பிள்ளைத்தாய்ச்சியைக் கலைக்கக் கூடாதென்று அதுவரை தொடாமலிருந்த ஜோசப் இப்போது தூக்கினார். அதற்கடியில் விரித்திருந்த காகிதம் சொதசொதவென்று இருந்தது. பின்னால் சில்வியாவின் குரல் கேட்டது.

"ஒரு நாள் விடலீங்க. ஜெபமாலை முடிச்சதும் சட்டிக்குள்ள மூணு மூடி தீர்த்தம். பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு சொல்லி ஊத்துனேன். அப்படியும் மாதா கேக்கலியே."

பர்சிலிருந்து ஒரு வெள்ளித் தொட்டிலை எடுத்தாள். பிள்ளை வரத்துக்கு நேர்ந்துகொண்டவர்கள் வேளாங்கண்ணியில் காணிக்கை போடுகிற, விரலளவுத் தொட்டில். நல்லபடியாகப் பெற்றதும் கொண்டுபோய்ப் போடலாம் என்று வாங்கி வைத்திருந்தாளாம். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டதற்கு, வீட்டில் ஒருத்திக்கு என்றாளாம்.

எந்த வீட்டு ஏ.சி. நின்றாலும் யாருடைய தவறு என்று அரைமணி நேரம் பாடம் எடுக்காமல் விடாத மனுஷன், ஈரக் காகிதத்தைச் சுருட்டிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

"ஏ.சி.யிலதான் கோளாறு. நான்தான் சரியாப் பாக்கலை."

வனத்துறைக்கு அனுப்பிய தகவலிலும் இறப்புக்குக் காரணம் ஏ.சி. பழுது என்றே எழுதினார். சில்வியாவும் அதை முழுசாக நம்பி, துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அப்படியே சொல்லி அழுதாள். பொண்டாட்டியே சொல்கிறாள், சொந்த வீட்டு ஏ.சி.யையே பார்க்கத் தெரியாதவர் என்று தெரு முடிவு கட்டியது. அக்டோபரில் ராஜ்மோகன் லாட்ஜின் பன்னிரண்டு ஏ.சி.க்கும் வேறு ஆள் வந்துவிட்டார்.

ஒருநாள் சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும், மிச்சத் தீர்த்தத்தோடு சில்வியா ஆண் பாம்பின் பெட்டியை நெருங்கினாள்.

"இவனாவது நல்லா இருக்கட்டுங்க."

ஜோசப் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "அவனுக்கு வேண்டாம்மா. அவன் பெந்தெகொஸ்தே. தீர்த்தம் ஏத்துக்க மாட்டான்."

செப்டம்பருக்குப் பிறகு சில்வியா சிரித்தது அப்போதுதான். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பாட்டிலைக் கொண்டுபோய் மாதாவின் காலடியில், வெள்ளித் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவன் பெட்டியின் மீட்டர் ஏறவே இல்லை. ஏ.சி.யை அவர் தொடவே இல்லை.